முன்னாள் மாணவர் சங்கம், கும்பகோணம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் தினத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். ரத்ததான முகாம், முதலாமாண்டு மாணவர்களுக்குக் கட்டண உதவி, பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை, கல்லூரி நிகழ்ச்சிகளைச் சமூக ஊடகம் வழியாக முன்கூட்டியே ஊருக்குச் சொன்னது. செயற்குழுவிலேயே இதில் சிலருக்கு வருத்தம் இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கல்லூரிகளின் ஃபேஸ்புக் பக்கங்களில் பெரும்பாலும் விழா முடிந்த பிறகுதான் படம் வரும். குத்துவிளக்கு, பொன்னாடை, 'இனிதே நடைபெற்றது' என்று ஒரு வரி. அதைப் பார்த்து யார் வர முடியும்? உயர்கல்வி நிறுவனங்கள் சமூக ஊடகத்துக்கென ஒரு பொறுப்பாளரை நியமித்து, ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் கணக்குகள் தொடங்க வேண்டும் என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019லேயே கடிதம் எழுதியது. கணக்குகள் வந்துவிட்டன. நடக்கப்போவதைச் சொல்லும் பழக்கம்தான் வரவில்லை. திருச்சி என்ஐடியில் ஃபெஸ்டெம்பர், பிரக்யான் விழாக்களை மாணவர்களே நடத்துகிறார்கள். இளைஞர்களை எப்படி அழைப்பது என்பது இளைஞர்களுக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அன்று பிறந்த கணித மேதை இராமானுஜன் வளர்ந்த ஊர் இது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது. அப்படியிருந்தும் நம் கணிதத் துறைக் கண்காட்சி வருடா வருடம் கல்லூரி வாசலுக்குள்ளேயே முடிந்துவிடும். இம்முறை மூன்று மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தோம். முதலில் தேதியும் இடமும் மட்டும் போட்டார்கள். அப்புறம் மாயச்சதுரம் பற்றி ஒரு மாணவி பேசிய சின்ன ரீல். முந்தைய நாள், பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழி. துறையின் கணக்கும் சங்கத்தின் கணக்கும் சேர்ந்து 'கொலாப்' ஆகப் பதிவிட்டதால், ஒரே பதிவு இரண்டு பக்கத்தாருக்கும் போனது. வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அறிவிப்பு புதைந்துவிடும் என்பதால் சேனல் தொடங்கினோம். அதில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும். சேர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. மாணவிகள் தயங்காமல் சேர்ந்ததற்கு அதுவே காரணம். கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்தார்கள். எனக்கு அது போதும்.

போஸ்டரில் நிர்வாகிகள் பெயர் இல்லை என்று சிலர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அச்சடித்த அழைப்பிதழில் எல்லார் பெயரும் இருந்தது. கைப்பேசித் திரையில் அத்தனை பெயரையும் போட்டால் தேதி எறும்பளவாகிவிடும். மாணவர்கள் செய்ததே சரி என்பது என் கருத்து.

கண்காட்சிக்கு வராத உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையில் சம்பா வயலைப் பார்க்க வேண்டியிருந்தவர்களைச் சொல்லவில்லை. ஊரிலேயே இருந்து, பதிவுக்கு லைக்கும் போட்டுவிட்டு, கல்லூரிப் பக்கம் வராதவர்களைத்தான் சொல்கிறேன். வர முடியாவிட்டாலும் தெரு குரூப்புக்கு ஒருமுறை அனுப்பியிருக்கலாமே. வாட்ஸ்அப் சேனலைத் தேடி வருபவர் குறைவு. தெரிந்தவர் அனுப்பினால்தான் ஊர் திறந்து பார்க்கும்.

வரவு செலவு தணிக்கை ஆகிவிட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி பலரிடம் நிற்கிறது. நினைவூட்டல் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பணம் வருவதில்லை.

மண்டபம் தந்த கல்லூரி முதல்வருக்கும், கணிதத் துறையினருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அந்த மூன்று மாணவர்களில் இருவர் இந்த ஆண்டோடு படிப்பு முடிந்து போகிறார்கள். கணக்குகளின் கடவுச்சொற்களை அவர்களிடமிருந்து வாங்கிச் சங்கத்தில் வைத்துவிட்டோம். ஆனால் அடுத்தவர்களை ஜூலைக்குள் பழக்கியாக வேண்டும். இதுவரை பிள்ளைகள் தங்கள் சொந்த ஃபோனில், சொந்த ரீசார்ஜில் செய்தார்கள். இனியும் அப்படிக் கேட்க எனக்கு மனமில்லை. ஒரு மைக், ஒரு டிரைபாட், ரீசார்ஜ் செலவு, இவ்வளவுதான் தேவை. பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே தாராளமாகப் போதும். மதிய உணவு முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு மண்டப வாசலில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்