போனவருக்குப் போய்ச் சேருமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மரணத்துக்குப் பிந்தைய வாழ்வு பற்றிய கட்டுரையோடு ஓர் அட்டவணை வந்திருந்தது. ஆன்மா, சொர்க்கம், நரகம், மறுபிறவி என்று நான்கு கட்டங்கள்; மதங்களுக்கு நேரே 'உண்டு', 'இல்லை'. பௌத்தத்துக்கு 'ஆன்மா உண்டு' என்று போட்டிருக்கிறீர்கள். அனாத்மக் கொள்கையை அடித்தளமாகக் கொண்ட சமயம் அது. மறுபிறவி உண்டு, பிறவிக்குப் பிறவி மாறாமல் போகிற ஆன்மா இல்லை.

நரகத்துக்கு எல்லா வரியிலும் 'உண்டு'. ஆனால் சமண நரகத்துக்குக் காலக்கணக்கு இருக்கிறது. அவர்கள் சொல்லும் ஏழு நரகங்களில் முதலாவதில் குறைந்தது 10,000 ஆண்டுகள். கணக்கு தீர்ந்தால் அடுத்த பிறவி. கத்தோலிக்கர் சொல்லும் நரகத்திலிருந்து மீட்சியே கிடையாது. 'மோட்சம்' சைவருக்குப் பிறவி அறுவது. பழைய கிறிஸ்தவத் தமிழில் அதுவே சொர்க்கம். இவற்றை எப்படி ஒரே கட்டத்தில் அடைப்பது?

ஒப்பிடுவதானால் சாவு வீட்டில் எழும் கேள்வியிலிருந்து தொடங்கலாம். நாம் செய்வது போனவருக்குப் போய்ச் சேருமா?

கருட புராண வழியில் பத்து நாள் பிண்டம் இறந்தவருக்கு ஓர் உடம்பையே கட்டித் தருகிறது. முதல் நாள் தலை, இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், மூன்றாம் நாள் இதயம் என்று வளர்ந்து, பத்தாம் நாள் பசியும் தாகமும் வருகின்றன. பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம் என்ற சடங்கில், பிரேதத்துக்கான, அதாவது இன்னும் முன்னோரோடு சேராத உயிருக்கான, பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, அவருடைய தந்தை, பாட்டன், பூட்டன் பிண்டங்களோடு சேர்த்துப் பிசைகிறார்கள். அந்தக் கணத்தில்தான் பிரேதம் பித்ரு, அதாவது முன்னோரில் ஒருவர், ஆகிறது. அது தவறினால் போனவர் நடுவழியில் நின்றுவிடுவார் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அப்படிப் பதறுகிறார்கள்.

சமணத்தில் அந்த நடுவழியே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய காலக்கூறுகள் மூன்று நான்குக்குள் உயிர் அடுத்த பிறவியில் புகுந்துவிடும். பிண்டம் வைக்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

பௌத்தத்தின் பதில்தான் நுட்பமானது. புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஜாணுஸ்ஸோணி என்ற அந்தணர் இதே கேள்வியைப் புத்தரிடம் கேட்கிறார். பிரேத உலகில், அதாவது ஆவிகளின் உலகில், பிறந்தவருக்கு மட்டுமே சேரும்; நரகத்திலோ, விலங்காகவோ, மனிதராகவோ, தேவராகவோ பிறந்துவிட்டால் சேராது என்பது பதில். அப்படியானால் கொடுத்தது வீணா? இல்லை, அந்த உலகில் இருக்கும் வேறு உறவினருக்குப் போகும், கொடுத்தவருக்கும் பலன் உண்டு. சிங்கள பௌத்தர்கள் இறுதிச் சடங்கில் குடத்து நீரைக் கிண்ணத்தில் ஊற்றி நிரம்பி வழியவிட்டுப் புண்ணியத்தை இறந்தவருக்கு அளிப்பது இந்த மரபில்தான்.

இஸ்லாத்தில் கப்ரில் (மண்ணறையில்) முன்கர், நகீர் என்ற வானவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மய்யித்தேதான், அதாவது இறந்தவரேதான், பதில் சொல்ல வேண்டும். மற்றபடி, இறந்தவரின் அமல்கள் (செயல்கள்) மூன்றைத் தவிர நின்றுவிடும் என்கிறது நபிமொழியான ஹதீஸ்: நிலைத்திருக்கும் தர்மம், பயன்தரும் கல்வி, அவருக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்யும் நல்ல பிள்ளை.

கிறிஸ்தவத்துக்கு ஒரே வரி கொடுத்தது அடுத்த பிழை. நவம்பர் 2 அன்று கத்தோலிக்கர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பது, மோட்சம் சேருமுன் பாவக் கறை தீரும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக. மோட்சம் சேர்ந்தவருக்கு அந்த ஜெபம் தேவையில்லை, நரகத்தில் விழுந்தவருக்கு உதவாது. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையே ஏற்பதில்லை. அவர்களுடைய அடக்க ஆராதனையின் ஜெபம் இருப்பவர்களின் ஆறுதலுக்கு.

பௌத்த வரியையாவது திருத்தி அடுத்த ஞாயிறு ஒரு குறிப்பு வெளியிடுங்கள். உங்கள் இணைப்பின் அட்டவணைகளைப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகப்பட்டினம்