கார் ஃபியூஸில் கம்பி சுற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயில் காலம் வந்தாலே ஓடும் கார் தீப்பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்ற வரியோடு அது முடிந்தும் விடுகிறது. அந்த ஆபத்தைத் தடுக்கத்தான், அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அறுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸ் எல்லாக் காரிலும் இருக்கிறது, ஆனால் அதை நம் ஆட்களே கெடுத்து வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சார்ஜர் செருகும் சாக்கெட் வேலை செய்யவில்லை என்று கடைக்குப் போனால், போன 15 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு 30 போட்டு, “இனிமே போகாது சார்” என்கிறார்கள். சிலர் போன ஃபியூஸின் காலிலேயே செம்புக் கம்பியைச் சுற்றிச் செருகிவிடுகிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. 15 ஆம்பியருக்கான வயரில் 30 ஓடினால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, அப்போதும் அந்தப் பெரிய ஃபியூஸ் போகாது, வயரின் மேலுறைதான் உருகும். 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், அதை எடுத்துவிட்டு 100 வாட் மாட்டினால் 8-ஐத் தாண்டும். அப்படி மாட்டியே தீர வேண்டும் என்றால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்துத் தனி வயரிங் போடச் சொல்லுங்கள், ஃபியூஸைப் பெரிதாக்க விடாதீர்கள்.

ஃபியூஸ் மாற்றுவது கஷ்டமே இல்லை. பெட்டி பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒன்று, பானெட்டுக்குள் ஒன்று இருக்கும், எது எதற்கு என்று மூடியிலோ காரோடு வந்த புத்தகத்திலோ போட்டிருக்கும். சாவியை அணைத்துவிட்டு, பல கார்களில் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே வளைந்த தகடு நடுவில் அறுந்திருந்தால் போய்விட்டது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30, தலையில் எண்ணும் இருக்கும். அதே எண்தான் போட வேண்டும். போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலி கடித்த வயராகக்கூட இருக்கலாம், அப்புறம் எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். ஏர்பேக் ஃபியூஸில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் ஸ்டெப்னி மாற்றுவதோடு இதையும் ஒரு கால் மணி நேரம் சொல்லித்தரலாமே. அடுத்த முறை கார் தீப்பிடித்த செய்தி போடும்போது, பக்கத்திலேயே இந்த நிற விவரத்தைச் சின்னக் கட்டமாகப் போடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை