ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எழுவாயும் வினையும் பொருந்த வேண்டும் என்ற பாடத்தைத் திறந்தால், 'ஹீ கோ'வா 'ஹீ கோஸ்'ஸா என்றே பக்கம் பக்கமாகப் போகிறது. பிறர் எழுதிய கடிதங்களைத் திருத்துவது என் வேலை. நான் பார்க்கிற பிழைகள் அங்கே இல்லை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நாலைந்து சொற்கள் புகுந்துகொள்ளும் இடத்தில்தான் இருக்கின்றன.

'தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்டு.' இணைத்திருப்பது ஒரு பட்டியல். 'இஸ்' வர வேண்டும். ஆனால் வினைக்கு முன்னால் நிற்பது 'ஐட்டம்ஸ்', கை தானாக 'ஆர்' போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் சறுக்குவார்கள். நமக்குக் கூடுதல் காரணம் உண்டு. 'பொருட்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்னும்போது பட்டியல் வினையை ஒட்டியே நிற்கிறது. பக்கத்துச் சொல்லைப் பார்த்து வினையை முடித்தால் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் அது முன்னால் போய்விடுகிறது. இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாமே?

அப்புறம் அஃறிணைப் பன்மை. 'அவர்கள் வந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. 'புத்தகங்கள் வந்தது' என்று எல்லோரும் சொல்கிறோம். 'தி புக்ஸ் ஹேஸ் அரைவ்டு' என்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஆகவே பயிற்சிக்கு நீளமான வாக்கியங்களைக் கொடுங்கள். 'தி மேனேஜர், அலாங் வித் ஹிஸ் அசிஸ்டென்ட்ஸ்' என்றால் ஒருமைதான். கூட எத்தனை பேர் வந்தாலும் எழுவாய் மேலாளர் ஒருவரே. நடுவில் உள்ளதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'தி லிஸ்ட் ஆர் அட்டாச்டு' என்று காதில் விழுந்ததுமே பிழை தெரிந்துவிடும். 'ஏ நம்பர் ஆஃப் பீப்பிள்' வரும்போது மட்டும் இந்த வித்தை பலிக்காது: அது பன்மை, 'தி நம்பர் ஆஃப் பீப்பிள்' ஒருமை. அந்த ஜோடிக்குத் தனிப் பக்கமே ஒதுக்கலாம்.

இன்னொன்று. 'தி டீம் ஆர் பிளேயிங் வெல்' என்பதைத் தவறென்று அடிக்காதீர்கள். குழுவில் உள்ளவர்களை மனத்தில் வைத்து அப்படி எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' போடுவார்கள். விடைக்குறிப்பில் இரண்டையும் அச்சிட்டு, ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்றச் சொன்னால் போதும்.

அன்புடன்,
கடிதங்கள் திருத்தும் ஒருவன்