நடுவில் நிற்கும் அம்மாவுக்கும் வசனம் எழுதுங்கள்

பெற்றோரின் பிற்காலக் காதலையும் அதற்குக் குறுக்கே நிற்கும் வளர்ந்த பிள்ளையையும் வைத்து நகைச்சுவைப் படம் எழுதிக்கொண்டிருக்கும், அல்லது எழுத எண்ணியிருக்கும் சுயாதீனத் திரைப்பட இயக்குநர்களுக்கும் திரைக்கதையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் திரைத்துறையைச் சேர்ந்தவள் அல்ல, விமர்சனம் எழுதிப் பழகியவளும் அல்ல. இந்த மடலை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: உங்கள் கதையில் வரும் அந்தப் பிள்ளையாக நான் சில மாதங்கள் வாழ்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை இருந்தது. அம்மாவை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் மனம் மட்டும் இருக்கவில்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் படங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைக்கருவை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் முதலில் வந்து நிற்பது 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘சைரஸ்’ என்னும் அமெரிக்கப் படம். ஜே டூப்ளாஸ், மார்க் டூப்ளாஸ் என்ற சகோதரர்கள் எழுதி இயக்கியது. 2005இல் ‘த பஃபி சேர்’ என்ற மிகச் சிறிய செலவுப் படத்தின் மூலம் அறியப்பட்ட அவர்கள், பெயர் பெற்ற நடிகர்களை வைத்து, ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட படம் இது. விவாகரத்தாகி ஏழு ஆண்டுகளாகியும் அதிலிருந்து மீளாத ஜான் (ஜான் சி. ரைலி), ஒரு விருந்தில் மோலியை (மரிசா டோமே) சந்திக்கிறார், இருவருக்கும் உடனே பிடித்துப்போகிறது, பிறகுதான் இருபதைத் தாண்டிய மகன் சைரஸ் (ஜோனா ஹில்) அந்த வீட்டில் இருப்பது ஜானுக்குத் தெரிகிறது. மீதிப் படம் முழுவதும் இந்த இரண்டு ஆண்களுக்கும் இடையே நடக்கும் ஓசையில்லாத போர்தான்.

அந்தப் போரை எழுதிய விதத்துக்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். சைரஸ் கத்துவதில்லை, சாமான்களை உடைப்பதில்லை, வந்தவரை வெளியே போ என்று சொல்வதுமில்லை. முகம் மலர வரவேற்கிறான், தன் மின்னணு இசைக்கருவிகளைக் காட்டி வாசித்துக் காண்பிக்கிறான், நண்பனாகிவிட்டோம் என்கிறான். ஆனால் விடிந்து பார்த்தால் ஜானின் காலணிகளைக் காணவில்லை. உடைமையுணர்ச்சி மரியாதை என்னும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நடமாடும் என்பதை அந்த ஒரு சோடிக் காலணியில் சொல்லிவிட்டார்கள். இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்படையாக எதிர்க்கும் பிள்ளையை எதிர்கொள்வது எளிது, சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்லப் போனால், சொன்னவருக்குத்தான் பைத்தியக்காரப் பட்டம் கிடைக்கும்.

என் மனக்குறை மோலியைப் பற்றியது. மகனுக்கு வீட்டிலேயே தானே பாடம் சொல்லிக்கொடுத்து, தந்தை இல்லாத வீட்டில் தனியாக வளர்த்தெடுத்தவள் அவள். தாய்க்கும் மகனுக்கும் நடுவே அந்த வீட்டில் குளியலறைக் கதவுக்குக்கூடப் பெரிய வேலையில்லை. இந்த நெருக்கத்தை மகன் மட்டும் தனியே உண்டாக்கியிருக்க முடியாது. அதில் பாதி, ஒருவேளை பாதிக்கு மேல், அவள் கட்டியது. படத்தின் முற்பகுதி இதைக் கூர்மையாகக் காட்டுகிறது, ஜான் அதைப் பார்த்துத் திகைக்கிறார், நாமும் திகைக்கிறோம். ஆனால் கதை சூடுபிடித்ததும் அவளுடைய பங்கு மெல்லக் கைவிடப்படுகிறது. அதன் பிறகு அவள் நடக்கும் சூழ்ச்சி எதையும் அறியாத நல்லவள். இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றின் நடுவில் கட்டிய கைக்குட்டை.

இது ஏன் நடக்கிறது என்று யோசித்தபோது, குறை எண்ணத்தில் இருப்பதைவிடத் தொழில்முறையில் இருப்பதாகவே எனக்குப் பட்டது. டூப்ளாஸ் சகோதரர்கள் முழுத் திரைக்கதையை எழுதிவிட்டு, படப்பிடிப்பில் நடிகர்களைத் தம் சொந்தச் சொற்களில் பேசவிடுபவர்கள். அந்த முறையால் பேச்சுக்கு உயிர் வருகிறது, உண்மைதான். ஆனால் உடனுக்குடன் பேசி வளர்க்கும் காட்சியில், தாக்குகிறவருக்கும் திருப்பித் தாக்குகிறவருக்கும் வேலை தானாகவே பெருகும். இருவரையும் சமாதானப்படுத்துகிறவருக்குப் பெருகாது. எழுத்தில் வலுவாக நிலைநாட்டப்படாத மூன்றாவது ஆள் ஒவ்வொரு டேக்கிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோவார். கேமராவும் அதற்குத் துணைபோகிறது. கையில் பிடித்த கேமரா சட்டென்று ஜூம் செய்து சைரஸின் முகத்தருகே போகும்போது, அவன் கண்ணில் மின்னிய ஏதோ ஒன்று ஜானுக்கும் நமக்கும் மட்டும் தெரிகிறது. அந்தச் சிரிப்பு மோலியின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. அவள் பார்க்காமல் இருந்தால்தான் வேடிக்கை என்றாகிவிட்ட பிறகு, கடைசிவரை அவளைப் பார்க்கவிடாமல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் திரைக்கதைக்கு வந்துவிடுகிறது.

முடிவைப் பாருங்கள். ஒரு திருமணத்தில் அடிதடியாகி, உறவு முறிந்து, மகன் மனம் வருந்தி, தானே போய் மன்னிப்புக் கேட்டு ஜானைத் திரும்ப அழைத்துவருகிறான். முதல்முறை பார்த்தபோது நெகிழ்ந்துதான் போனேன். இரண்டாம் முறை பார்க்கையில் ஓர் உறுத்தல். யாரோடு வாழ்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் வீட்டுக்குள் இருக்கிறாள். வெளியே இரண்டு ஆண்கள் பேசி முடித்துக்கொள்கிறார்கள். அப்பன் மகளைத் தாரைவார்த்துக் கொடுத்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டு, மகன் அம்மாவைத் தாரைவார்க்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், சைரஸுக்கு ஈடுகொடுத்து நின்ற அதே ஜான் சி. ரைலி, இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2008இல், ‘ஸ்டெப் பிரதர்ஸ்’ படத்தில் நாற்பது வயதாகியும் அப்பாவின் வீட்டை விட்டு நகராத மகனாக நடித்திருந்தார். அது ஸ்டுடியோவின் ஆர்ப்பாட்டமான நகைச்சுவை, அதை இங்கே அதிகம் அலசத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் கூத்துப் படத்தில், ஆளுக்கொரு வளர்ந்த மகனோடு மறுமணம் செய்துகொண்ட தாயும் தந்தையும் பிள்ளைகளின் அட்டகாசம் தாங்காமல் தங்களுக்குள் முட்டிக்கொள்கிறார்கள், அவர்களுக்கென்று கோபமும் களைப்பும் இருக்கின்றன. நுணுக்கம் என்ற பெயரில் சுயாதீனப் படங்கள் பெற்றோரை மென்மையாக்கி மென்மையாக்கிக் கரைத்துவிடும் இடத்தில், முரட்டு நகைச்சுவை அவர்களை ஆளாகவாவது விட்டுவைத்திருக்கிறது.

பெண் எழுதினால் சரியாகிவிடும் என்று நினைத்து 2015இல் வந்த ‘லோலோ’ என்ற பிரெஞ்சுப் படத்தை ஆவலோடு பார்த்தேன். ஜூலி டெல்பி இயக்கி, எழுத்திலும் பங்கேற்று, தாயாகவும் நடித்த படம். தாயைக் காதலிக்க வரும் கணினித் தொழில்நுட்பக்காரரின் உடைகளில் மகன் அரிப்புப் பொடியைத் தூவுவதில் தொடங்கி, அவர் பிழைப்பையே கெடுப்பது வரை போகிறான். தாயின் ஆசையும் கூச்சமும் வயதைப் பற்றிய பயமும் அவள் வாயாலேயே பேசப்படுகின்றன; அந்த வகையில் ‘சைரஸ்’ தொடாத இடத்தை இது தொடுகிறது. ஆனால் மகன் முழு வில்லனாகிவிடுவதால், தாய் இங்கேயும் மிகத் தாமதமாகத்தான் உண்மையை அறிகிறாள். அதாவது இரண்டு படங்களும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: பெற்றவளுக்குத் தெரியாது.

எனக்கு ஆட்சேபணை அந்த அனுமானத்தின் மீதுதான். பெற்றவளுக்குத் தெரியும். ஏறத்தாழ எப்போதும் தெரியும்.

என் அம்மாவைப் பார்க்க ஒருவர் வர ஆரம்பித்திருந்தார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. வந்தவர் அமைதியானவர், என்னிடம் தேவைக்கு மேல் பேசமாட்டார். அதுவே எனக்குக் குற்றமாகத் தெரிந்தது. அதிகம் பேசியிருந்தால் அதுவும் குற்றமாகத்தான் தெரிந்திருக்கும். அவர் வரும் நேரம் பார்த்து எனக்குத் தலைவலி வந்தது. அவர்கள் வெளியே கிளம்பும் நாளில் அலுவலகத்தில் ஏதோ பெரிய நெருக்கடி என்று அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துவைத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் படிக்கும் கண்ணாடியை எங்கள் வீட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து, பழைய மின்கட்டண ரசீதுகள் கிடந்த இழுப்பறையின் அடியில் போட்டு மூடினேன். மறுநாள் அவர் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இங்கேதான் வைத்ததாக நினைவு என்று சொல்லித் தேடினார். நானும் அவரோடு சேர்ந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினேன்.

மூன்றாம் நாள் மாலை நான் வீடு திரும்பியபோது கண்ணாடி மேசைமேல் இருந்தது. துடைத்து, கம்புகளை மடித்து, அதற்கென்று ஓர் உறையும் வாங்கி, அதற்குள் பாதி தெரியும்படி வைத்திருந்தார் அம்மா. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்ததும், துணி மடிக்கும்போது கிடைத்தது என்று அம்மா கூசாமல் பொய் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, அன்றைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நீ ஒளித்துவைப்பதை நிறுத்திவிடுவாய், எனக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுவது எனக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரச் சிறிது நேரம் பிடித்தது.

உங்கள் திரைக்கதைகளில் நான் தேடிக் கிடைக்காத வசனம் இதுதான். குடும்ப உளச்சிகிச்சையில் முன்னோடியான சால்வடார் மினுச்சின், உறுப்பினர்களுக்கு இடையே எல்லைகள் மங்கி ஒருவருக்குள் ஒருவர் பின்னிப்போன குடும்பங்களைப் பற்றி 1970களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அவர் பார்வையில் அது தனியொருவரின் நோய் அல்ல, அந்த வீடு இயங்கும் முறை. அப்படியென்றால் பிள்ளையை மட்டும் கோமாளியாகவோ வில்லனாகவோ ஆக்குவது பாதி நகைச்சுவையை வீணாக்குவதாகும். காதலிக்கவும் வேண்டும், பிள்ளையின் பொறாமையில் குளிர்காயவும் வேண்டும், இரண்டையும் விட மனமில்லை என்று தவிக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணைவிட, அல்லது ஆணைவிட, நகைச்சுவைக்கு வேறு எவர் வேண்டும்?

நம் மொழியிலும் இந்தக் குறை இருக்கிறது. ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்ற தொடரை அரசியல் அறிக்கை முதல் பட்டிமன்றம் வரை தாராளமாகப் புழங்குகிறோம். புதிதாக வந்தவரை வளர்ந்த பிள்ளை நடத்தும் விதத்துக்கு அப்படியொரு தொடர் நம்மிடம் இல்லை. வந்தவள் கெட்டவள் என்பது பழமொழியளவுக்கு ஊறிப்போயிருக்கிறது, இருந்தவர் செய்யும் கேடுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. தமிழில் இந்தக் கதையை எழுதப்போகிறவர்களுக்கு இது தடையல்ல, திறந்து கிடக்கும் நிலம்.

எழுதும்போது ஒன்றிரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் பயத்தை வெறும் பிடிவாதமாகச் சுருக்காதீர்கள்; அதில் இறந்துபோன அல்லது பிரிந்துபோன இன்னொரு பெற்றோரின் நினைவு இருக்கிறது, வீடு யாருக்கு என்ற கணக்கும் இருக்கிறது. சுயாதீனப் படங்கள் நினைவைப் பேசும், சொத்துக் கணக்கைப் பேசக் கூச்சப்படும். ஆனால் உண்மையான வீடுகளில் இரண்டும் ஒரே மூச்சில்தான் வரும். புதிதாக வருகிறவரை அப்பாவியாக்கிவிடாதீர்கள்: ஜானின் தனிமையும் அவசரமும் கொஞ்சம் அச்சுறுத்துபவை என்பதை டூப்ளாஸ் சகோதரர்கள் மறைக்கவில்லை, அதனால்தான் அந்தப் பாத்திரம் நிற்கிறது. தந்தையைக் காதலிக்க ஒருத்தி வரும் கதையாக இருந்தால், வளர்ந்த மகளின் பொறாமையை அழகான செல்லமாகக் காட்டித் தப்பித்துவிடாதீர்கள். மகனுக்குக் கொடுக்கும் அதே கடுமையை அவளுக்கும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படப்பிடிப்புக்கு முன்பே, பிள்ளையும் விருந்தாளியும் இல்லாமல் அந்தத் தாய் மட்டும் வீட்டில் இருக்கும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். ஒளித்துவைத்த பொருளை அவள் கண்டெடுக்கட்டும். அது எங்கே இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். கையில் எடுத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்பதை முடிவு செய்த பிறகு மற்ற இருவருக்கும் வசனம் எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடியை ஒளித்துவைத்த மகள்