பத்துக்கு எத்தனை வலி?

பாப்பா,

நேற்று போனில், டாக்டருக்குப் படிக்கிற உங்களுக்கு நோயாளியிடம் பேசவும் நடந்துகொள்ளவும் சொல்லித்தருகிற ஆட்காம் வகுப்பெல்லாம் வெட்டி வேலை, கவிதை படித்துவிட்டா ஊசி போடப்போகிறோம் என்று நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் 26 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறவன் நான். வெறும் 'வயிற்று வலி' என்று யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. பிசையுது என்பார்கள், சுருக்குனு பிடிக்குது, கடுக்குது, எரியுது, திம்முனு இருக்கு என்பார்கள், ஒவ்வொன்றும் வேறு வலி. போன வருஷம் உன் ஆயாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன் இல்லையா, அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். ஆயா திருதிருவென்று முழித்துவிட்டு, "ஈரத்துணியை முறுக்கிப் பிழியிற மாதிரி இருக்குய்யா, அப்புறம் விட்டுடுது" என்றாள். அவர் ஏழு என்று தட்டிக்கொண்டார். ஈரத்துணி எங்கே போச்சு?

நம் கெடிலக் கரையில், திருவதிகையில், ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயோடு வந்த அப்பர் பாடியதை எடுத்துப் பார். 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட.' வெளியே தெரியவில்லை, வயிற்றுக்குள்ளே, குடலைக் கட்டி முடக்குகிறது. கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதுவதும் இதைத்தானே? இந்த மாதிரி வரியில் நாலு தடவை நின்று பழகியவள் ஈரத்துணியையும் சட்டென்று தாண்டிப் போகமாட்டாள். அதற்காக ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்று வள்ளுவர் வரிசை வைக்கிறார். நோயாளி முதலில், நோய் இரண்டாவது. 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் ஆட்காம் இருக்கிறது, சரி, நல்லதுதான். ஆனால் 'உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்று மனப்பாடமாக ஒப்பிக்கிற டாக்டரைவிட எரிந்து விழுகிற டாக்டரே மேல் என்பேன், அவராவது காதில் வாங்கித்தான் எரிந்து விழுகிறார்.

இந்த வாரம் டியூட்டியில் யாராவது வலியைப் பற்றிச் சொன்னால், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்பு. பெயர் வேண்டாம். மதுரைப் பக்கம் திம்முனு இருக்குங்கிறதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அப்பா