என்னோடு நடந்தவர்களுக்கு

அன்புள்ள மலையக உறவுகளுக்கும், கண்டியிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் என்னைத் தாங்கிய எல்லோருக்கும் வணக்கம்.

தொழில்முறை கோல்ஃப் ஆட்டத்திலிருந்து நான் விலகும் செய்தி வெளிவந்ததும் வாழ்த்துகள் குவிந்துவிட்டன. "தனி ஒருத்தியாக நின்று சாதித்தவள்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்த அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நான் ஒருநாளும் தனியாக நின்றதில்லை. பக்கத்தில் ஒருவர் என் மட்டைப் பையைச் சுமந்து நடந்தார். நான் கால் வைக்குமுன்பே விடியற்காலையில் ஒருவர் புல் வெட்டி முடித்திருந்தார். ஊரில் யாரோ ஒருவர் என் பயணச் செலவுக்குத் தன் காசை எடுத்துக் கொடுத்திருந்தார். பத்திரிகைப் படங்களில் வராத அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் என் பெரியப்பாவுக்கு. நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே பை சுமந்தவர்களில் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். எந்த ஸ்கோர் அட்டையிலும் அவர் பெயர் எழுதப்பட்டதில்லை. ஆனால் கிரீனை, அதாவது கொடி நட்ட குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையை, படிப்பதில் அவருக்கு நிகரான ஆளை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. மழை விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் கிரீன் ஓரமாகக் குந்த வைப்பார். "புள்ள, கொடியப் பாக்காத. தண்ணி எந்தப் பக்கம் எறங்கி ஓடுதுன்னு பாரு. பந்தும் அந்த வழிதான் போவும்" என்பார். வெயில் நாளில் அதே இடத்தில் நிறுத்தி, அன்றைக்குத் தண்ணீர் எப்படி ஓடியது என்று கேட்பார். புல் பளபளவென்று தெரிந்தால் அது நமக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து விரைந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும் என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். பின்னாளில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடிப் போய்க் கதைத்தது புல் வெட்டும் ஆட்களோடுதான். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேட்பேன். அவர்கள் காட்டிய இடங்கள் பொய்த்ததில்லை.

தை, மாசிக் காலைகளில் நுவரெலியாவில் சில நாள் புல்மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். அப்போது கிரீனில் யாரும் காலடி வைக்கக் கூடாது. உறைந்த புல் மிதிபட்டால் நொறுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு கால்தடமும் கறுத்துப்போய் நாள்கணக்கில் தெரியும். வெயில் ஏறும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தையும் பெரியப்பா வீணாக்கவில்லை. பந்தே இல்லாமல் வெறும் வீச்சுப் பழகச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு வீசு என்பார். அடி முடிந்த பிறகும் இடது கால் ஊன்றியபடி அசையாமல் நிற்க வேண்டும். என் ஆட்டத்தில் ஏதாவது அழகு இருந்தது என்றால் அது அந்தக் குளிரில் வந்தது.

அடுத்து, கிரீனில் களை பிடுங்கிய அக்காமாருக்கு. அந்த வேலையை அருகில் நின்று பார்த்தவர்கள் குறைவு. சாக்கை மடித்துப் போட்டுக் குந்திக்கொண்டு, சின்னக் கத்தி நுனியால் ஒவ்வொரு களையையும் வேரோடு நெம்பி எடுப்பார்கள். பக்கத்துப் புல் அசையக் கூடாது. எடுத்த குழியை விரலால் அழுத்தி மூடி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்குவார்கள். கிரீனில் பந்து சாண் தூரம் விலகுவதும் விலகாததும் அந்தக் கைகளில் இருக்கிறது. அதே அக்காமார்தான் ஓடையிலும் புதரிலும் கிடந்த பந்துகளை எடுத்துக் கழுவி எனக்காகச் சேர்த்து வைத்தார்கள். கடையில் புதுப்பந்து வாங்கிப் பழகும் வசதி எனக்கு இருந்ததே இல்லை. அக்கா, உங்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த மடல் முடியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அம்மா வாழ்நாள் முழுக்கத் தராசு முன்னால் நின்றவர். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை கூடினால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அப்படி வாழ்ந்தவருக்கு, குறைவாக அடிப்பவர்தான் வெல்வார் என்ற ஆட்டம் முதலில் புரியவே இல்லை. புரிந்த பிறகு, நான் எங்கிருந்து தொலைபேசியில் பேசினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குக் கொறச்சியாம்மா?" என்பதுதான். குறைக்காத நாளிலும் அதே குரலில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்.

என் முதல் மட்டை செட், ஆண்கள் பாவித்துக் கழித்தது. பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் தண்டுகளை என் உயரத்துக்கு வெட்டி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தந்தார். வெட்டிய தண்டு விறைப்பாகிவிடும், நுனிப் பாரமும் குறைந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பந்தை மேலே எழுப்புவது பெரும்பாடு. மகளிர் தினப் போட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்ட கழகத்து அம்மாமாரில் ஒருவர், நான் ஆடுவதை ஒரு காலை முழுக்கப் பார்த்துவிட்டுத் தன் சொந்த செட்டைக் கையில் கொடுத்தார். "திருப்பித் தர வேணாம்" என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே என் பந்து உயர எழும்பத் தொடங்கியது. பெண்களுக்கென்று செய்த மட்டை எட்டாமலே எத்தனை பெண்பிள்ளைகள் தங்களால் முடியாது என்று நினைத்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று அன்று முதல் யோசிக்கிறேன்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, அதனால் பந்து தூரம் போகும். 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தில் முதன்முதலாக ஆடியபோது என் பந்தெல்லாம் கிரீனுக்கு முன்னாலேயே விழுந்தது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்தின் ஊடாகவே போகிறது. ரயில் கடக்கும்வரை நின்ற அந்த இடைவெளியில், என் பை சுமந்த சிங்கள அண்ணா, "நங்கி (தங்கச்சி), இங்க ஒரு அயன் கூட்டி எடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அயன் என்றால் இரும்புத் தலை மட்டை; இன்னும் தூரம் அடிக்கும் மட்டையை எடு என்பது அதன் பொருள். கடல்மட்டத்துக் கணக்கு முழுவதையும் எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். இஸ்துதி (நன்றி) அண்ணா.

தொழில்முறைக்கு மாறுவது என்றால் ஏதோ பணம் கொட்டும் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். நடப்பு வேறு. நுழைவுக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம், பை சுமக்கும் கேடிக்குக் கூலி எல்லாம் நம் கையிலிருந்து போக வேண்டும். நான் அதிகம் ஆடிய இந்திய மகளிர் சுற்றில் மூன்று நாள் போட்டி. இரண்டு நாள் முடிவில் கட் விழும், அதாவது பின்தங்கியவர்களை விலக்கிவிடுவார்கள். அதைத் தாண்டாதவர் பொதுவாக வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கேடியின் கூலியை அப்போதும் கொடுத்தே ஆக வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் போனபோது என் கணக்கெல்லாம் நொறுங்கிப்போனது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக ஊரே திணறிய நேரம். இனி போகவே முடியாது என்று நான் சொன்ன வாரத்தில், எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) சீட்டுக்கார அக்காமார் கூடிக் கதைத்து, அந்த மாதச் சீட்டை எனக்கு விட்டுக் கொடுத்தார்கள். யாருடைய முறை அது என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவுக்கு வந்திருந்தது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு அது. பெங்களூரில் அந்தப் பயணத்தில் கட் தாண்டினேன். முதல் வேலையாகச் சீட்டுக் காசை அனுப்பினேன். காசு தீர்ந்தது, கடன் தீரவில்லை.

ஒரு மைதானத்தின் வாசலில் என்னை ஆட்டக்காரியாக ஏற்றுக்கொள்ளாமல், பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். என்னோடு ஆட வந்த தோழி தன் பையையும் இறக்கி வைத்துவிட்டு, "இவள் உள்ளே வந்த பிறகுதான் நான் வருவேன்" என்று அங்கேயே நின்றாள். அந்த நட்புக்கு என்ன நன்றி சொல்ல!

நேரில் பழகாதவர்களும் எனக்குத் துணை இருந்தார்கள். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்ற நம் இலங்கை ஆட்டக்காரர் தங்கராஜா அண்ணனின் பெயரைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் முதுகு நிமிரும். கார் திருத்தும் கடைக்காரரின் மகளாகப் பிறந்து 1978இல் தொடர்ந்து ஐந்து போட்டிகளை வென்ற அமெரிக்காவின் நான்சி லோபஸ், 1998இல் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி அடித்து அமெரிக்க மகளிர் ஓபனை வென்ற கொரியாவின் பாக் செ ரி, இருவர் கதையையும் பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அதிதி அசோக் நாலாவதாக வந்ததைக் குடும்பமாகத் தொலைபேசித் திரையில் பார்த்தோம். ஒரே ஓர் அடியில் பதக்க வாய்ப்பு நழுவியது. என் அம்மா பதக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அந்தப் புள்ளைக்குப் பை தூக்கினது அவங்க அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டு வலி முற்றிய பிறகுதான் விலகும் முடிவுக்கு வந்தேன். உண்மையை ஒளிக்காமல் சொன்ன அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டருக்கும், கையைப் பழக்கி மறுபடி சோற்றுக் கரண்டி பிடிக்க வைத்த பிசியோதெரபி தங்கச்சிக்கும் நன்றி.

இனி சனிக்கிழமை காலைகளில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மகளிர் செட் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். ஒற்றை அயனாக இருந்தாலும் உதவும். தண்டை வெட்ட வேண்டாம், அப்படியே தாருங்கள். பிள்ளைகளுக்கு வழுக்காத சப்பாத்தும் ஒரு ஸ்வெட்டரும் போதும். பஸ் காசைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டாம், அதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சீட்டுக்கார அக்காமார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.