பெயர் போட வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ எடுத்தால்தானே பேசுவதற்கு? எடுத்தாலும் "டவர் இல்லைம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். மல்லிப்பட்டினத்தில் எல்லாருக்கும் இருக்கிற டவர் உனக்கு மட்டும் இல்லை. அதுவும் போக, நம் வீட்டில் போன் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசின மாதிரி. வாட்சப் இன்னும் மோசம். ஒரு போனில் இருப்பது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க வந்துவிடுகிறது. அதனால்தான் குழு நோட்டு எழுதுகிற பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சித்திரைக்கு வந்துவிட்டுப் போனாள். குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டான், கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போகிறது. மேற்கு அறை ஓட்டை மாற்றியாகிவிட்டது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறியது, ஏறின கையோடு குழுக் கடனுக்குப் போய்விட்டது. ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகு எல்லாம் கடுவையாற்றில் கட்டிக் கிடக்கிறது. ஜூன் 14 வரைக்கும் ஹார்பரில் பெயிண்ட் வாசனைதான். அப்பாவின் ஃபைபர் படகுக்குத் தடை கிடையாது என்பதால் நெத்திலியும் கிழங்கானும் கொஞ்சம் கொண்டுவருகிறார். விலை நன்றாக இருக்கிறது. என் கூடை பத்து மணிக்கெல்லாம் காலி.

மாமா படகுக்கு மட்டும் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. படகில் போனால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள். நான் கடல்காரன் மகன், எனக்கு எதுக்கு என்று பேசாதே. அந்தப் பக்கம் கடல் ஆழமில்லை, இடுப்பளவு தண்ணீரில் கோரை மாதிரி புல் கிடக்கும் என்று அப்பா சொல்கிறார். ஆழமில்லாவிட்டாலும் கடல் கடல்தான். அந்தப் புல்லைத் தின்னத்தான் கடற்பசு வருகிறது என்று நீ சொன்னதை நான் மார்க்கெட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்கு மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஆகும் என்றும் சொன்னேன். "நம்ம ஊரில் இருக்கிற அவசரத்துக்கு அது பிழைச்ச மாதிரிதான்" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. டிவியில்கூட காட்டினார்கள், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று 2022-ல் ஒதுக்கினார்களே, இந்தியாவிலேயே அதுதான் முதல் என்று. "உன் பிள்ளை அங்கேதான் இருக்கிறானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று நீயே நினைத்துக்கொள்.

ஆனால் ஒன்று, தம்பி. பேப்பர்க்காரர்கள் யாராவது வந்தால் உன் பெயரைச் சொல்லாதே. உங்கள் அமைப்பின் பெயர் போதும். வேலை நடந்தால் சரிதானே, யார் பெயர் இருந்தால் என்ன?

ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும்போது நீ குனிந்து நிற்கிற படம் பேப்பரில் வந்ததே, அதை அப்பா வெட்டி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். தெருப்பிள்ளைகள் உன்னை இன்னும் ஆமை அண்ணன் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு குழியில் நூற்றுக்குமேல் முட்டை, 45 நாளிலிருந்து 60 நாள், மணல் சூடாக இருந்தால் எல்லாம் பெட்டையாகப் பொரிக்கும் என்று அவர்களே பாடம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். அது பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாரும் உன்மேல் கோபப்படவில்லை. முட்டையைப் பொறுக்குவதிலும் குஞ்சை விடுவதிலும் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த வருஷம் தை மாதம் நம் கரையில் ஒதுங்கிய பங்குனி ஆமைகளை நானும் பார்த்தேன். காலையில் ஏலத்துக்குப் போகிற வழியில் கிடந்தது ஒன்று. கழுத்து வீங்கி, கண் இரண்டும் வெளியே பிதுங்கி, முன்துடுப்பு மணலில் விரித்தபடி. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அடிபட்டுச் செத்ததில்லை, மூச்சு முட்டிச் செத்தது என்று எனக்கே தெரிந்தது. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியபோது நீ போனில் பேசவே முடியாமல் இருந்தாய், அது எனக்கு நினைவிருக்கிறது. விசைப்படகு இழுக்கிற வலை, அந்த இழுவைமடி, இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் தண்ணீருக்கு அடியில் இழுபடுகிறது. ஆமைக்கோ மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை.

உன் தாத்தா கரைவலையில் ஆமை விழுந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, கும்பிட்டுத்தான் அனுப்புவார். வலை போனதே என்று ஆத்தா நாலு நாள் திட்டும். அதே வீட்டில்தான் மாமாவும் வளர்ந்தார். "அப்பாவுக்கு ஆமையைக் கண்ணால் பார்த்து விடுவதற்கு நேரம் இருந்தது. எனக்கு மடியைத் தூக்கிக் கொட்டும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியும். அதற்குள் அது செத்திருக்கும்" என்று மாமா ஒரு நாள் சொன்னார். அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அந்த ஆமை விலக்குக் கருவியையும் அவர் மாட்டிப் பார்க்காமல் இல்லை. மடியின் கழுத்தில் சாய்த்து வைக்கிற கம்பிச் சட்டம், மீனும் இறாலும் கம்பிக்கு நடுவில் புகுந்து உள்ளே போய்விடும், ஆமை முட்டி மேல்வழியாக வெளியே போய்விடும் என்று நீதானே திண்ணையில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினாய். ஆமை போகிற வழியில் இறாலும் போகிறது என்று கழற்றிக் கொல்லையில் போட்டுவிட்டார். இப்போது அதில் அவரைக்கொடி படர்ந்திருக்கிறது. நல்ல காய்ப்பு. போன வாரம்கூட ஒரு கூடை கொடுத்தனுப்பினார்.

மாசியில் நடந்தது உனக்குத் தெரியும். யாரோ எழுதிப் போட்டதில் நாலு படகுக்கு நோட்டீஸ் வந்தது. பிடித்த மீன் போச்சு, மானிய டீசல் நின்றது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவைமடி போடக் கூடாது என்பது ஊரறிந்த சட்டம். 1983-ல் சட்டம் வந்த நாளிலிருந்து இந்தச் சண்டைதான். மாமாவுக்கும் தெரியும். "எல்லை தாண்டினால் அங்கே பிடிக்கிறான், உள்ளே நின்றால் இங்கே பிடிக்கிறான், நான் என்ன மொட்டை மாடியிலா மடியைப் போட?" என்று கத்தினார். அப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. மத்த மூன்று பேரும் சும்மா இல்லை. ஊர்க்கூட்டத்தில் பெரிய சத்தம். எழுதிக் கொடுத்தவன் உள்ளூர்க்காரன்தான், படகு எண்ணைக் கடலில் கிட்டப் போய்ப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தாளின் போட்டோ மார்க்கெட்டுக்கும் வந்தது. கைக்குக் கை மாறி என்னிடமும் வந்தது. நோட்டுத் தாள். தேதி, நேரம், படகு எண், எத்தனை பாகம் ஆழம் என்று வரிசையாக எழுதியிருந்தது. பேனா நீலம். மாமா படகு எண்ணில் இரண்டு 7 வரும், இல்லையா? இரண்டிலும் நடுவில் சின்னதாக ஒரு கோடு. நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டிலும் பழைய பக்கங்களில் 7 அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடி கொண்டுவரவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி போனைப் பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, தம்பி. கேட்கவும் மாட்டேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது அப்பாவும் நீயும் விடியற்காலையில் ஃபைபரில் போனீர்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள். பாடு சரியில்லை என்றார் அப்பா. நான் சரி என்றேன். நோட்டீஸ் வந்த அன்று ராத்திரி உன் அப்பா வாயே திறக்கவில்லை. சோறு மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பரங்கிப்பேட்டையில் உனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியது எந்தப் படகு என்று நான் சொல்லத் தேவையில்லை. சுனாமி அன்றைக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது யார் என்றும் சொல்லத் தேவையில்லை. இதைச் சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைக்காதே. அந்தப் பணத்தில் படித்ததால்தான் உனக்கு ஆமை செத்தால் ஏன் சாகிறது என்று தெரிகிறது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. மாமாவைத் தவிர மத்த மூன்று படகை மட்டும் எழுதியிருந்தால் அதற்கும் நான்தான் உன்னைத் திட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை. திட்டியிருக்க மாட்டேனோ என்னவோ.

பெயரை மட்டும் எங்கேயும் போடாதே. போன வாரம் அப்பாவின் போனில் உன் பேஸ்புக்கைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஊர், பெயர், எந்தக் கரை எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துவிடு. உனக்கு வேலை இருக்கிற வரைக்கும் தான் அந்த அமைப்பு உன் பக்கம் நிற்கும். திட்டப் பணம் நின்றால் சம்பளம் நிற்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஊர் அப்படி இல்லை. இங்கே நாங்கள் தினம் கூடை தூக்க வேண்டும். சம்பளம் பங்குனியோடு முடிகிறது, புதுசாக எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றாயே, வந்ததா? வராவிட்டால் சொல், கூச்சப்படாதே. சாப்பாட்டைக் குறைக்காதே.

மல்லிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் அரை நாள் பஸ். கோயில் திருவிழாவுக்கு நீ வரவில்லை. வேலை என்றாய். கடற்பசு பங்குனியில் லீவு தராதா?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாமாவின் சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை காரைக்கால். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொல்ல வேண்டியதெல்லாம் போன வருஷமே சொல்லியாகிவிட்டது. நேற்று மாமா பத்திரிகை எழுத வந்திருந்தார். நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் என்னிடம்தான் எழுதச் சொல்வார், உனக்குத் தெரியுமே. கீழே தங்கள் வரவை எதிர்பார்க்கும் என்று பெயர்கள் வருகிற இடத்தில் அக்கா பெயரும் அவள் வீட்டுக்காரர் பெயரும் எழுதினேன். உன் பெயருக்கு வந்தபோது மாமா, "நில்லு, அவனைக் கேட்டுட்டுப் போடு" என்றார். ஏன் என்று கேட்டேன். "பெயர் போட்டால் அவன் வந்து நிற்கணும். வருவானா என்று கேள்" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எம்.எஸ்சி. என்று பட்டத்தோடு போட வேண்டும் என்கிறார் அப்பா. எங்கேயும் பெயர் போடாதே என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இதை நானே கேட்கிறேன். இதில் மட்டும் உன் பெயர் இல்லாமல் போனால் ஊர் அதைப் படித்துக்கொள்ளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் போன் செய். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அதனால் நீளமாகப் பேச வேண்டாம். "போடு" என்றோ "வேண்டாம்" என்றோ சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: மாசியிலிருந்து இதுவரை அப்பாவின் வலை ஒன்றுகூட அறுபடவில்லையாம். இதையும் எழுது என்றார். எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.